வலது பக்கத்துக் கக்கூஸ்

வா கண்ணு, இதுதான் வீடு. நாலாம் நம்பர். செருப்பைக் கழட்டாத, எட்டு மாசமாப் பூட்டிக் கெடக்குது, தரையெல்லாம் தூசி. ஒரு ரூம், பொறவால சமையல் மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் தொறந்தா காத்து நல்லா வரும். முன்னால இருந்தவ மார்கழிப் பனியிலகூட அதைச் சாத்த மாட்டா.

கதவுல என்ன பாக்கற? அது பசை. ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, கிழிச்சுட்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சும் பசை மட்டும் போகமாட்டேங்குது. பெயிண்ட் அடிச்சாப் போயிரும். வாடகை கீடகை எல்லாம் நீ ஓனர்கிட்டப் பேசிக்க, அவரு கோயமுத்தூர்ல இருக்கறாரு. நான் பாத்துக்கறவ. துளசிமணின்னு சொன்னா இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் தெரியும். பதினோரு வருசமா இந்தக் காம்பவுண்டுச் சாவி என்ற இடுப்புலதான் இருக்குது.

மொத்தம் எட்டு வீடு. குழாய் ஒண்ணு. தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வரும், புடிச்சு வெச்சுக்கோணும். கக்கூஸ் ரெண்டு. இடது பக்கம் இருக்கறது எல்லாத்துக்கும் பொது. வலது பக்கத்துல பூட்டுப் போட்டிருக்கும், அதைக் கேக்காத. அது ரிப்பேரு. எட்டு வீட்டுக்கு ஒண்ணு பத்துமான்னா, பத்தும். எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போறவங்க. காலையில போனா ராத்திரிதான் வருவாங்க, கம்பெனிலயே எல்லாத்தையும் முடிச்சுக்குவாங்க. நீயும் கம்பெனிதானே? அப்புறம் என்ன.

எட்டு மாசமா ஏன் காலியாக் கெடக்குதுன்னு வர்ற வழியில யாராச்சும் சொல்லியிருப்பாங்க. சொன்னாங்களா இல்லையா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அந்த மூணாம் நம்பர் சுகந்தி வாசக் கேட்டுக்கிட்ட நின்னா, அவதான் சொல்லியிருப்பா. உக்காரு. இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காரு. கண்டவங்க சொல்லி நீ கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன். எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது. அந்தப் புள்ள என்னை ஏமாத்திட்டா. அதுதான் கதை. மத்ததெல்லாம் அதுக்கு மேல சுத்துன நூல்.

அவ பேரு காளீஸ்வரி. விருதுநகர் பக்கம். மூணு வருசத்துக்கு முன்னால புருசன், கைக்கொழந்தையோட வந்தா. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, கொழந்தை என்கிட்டதான் இருக்கும். பெத்தவளைவிட என்ற மடியிலதான் அது அதிகமாத் தூங்கியிருக்கும். என்ற வாயில மென்னு அதும் வாயில ஊட்டுவேன், அப்படி வளத்தேன். காளீஸ்வரியும் அப்படித்தான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா நேரா என்ற வீட்டுக்கு வந்து, ‘யக்கா, என்ன கொழம்பு’ன்னு என்ற தட்டுலயே கையை வெப்பா. என்கூடத்தான் டிவி பாத்துட்டு அப்படியே படுத்துத் தூங்கிருவா. எனக்குப் பொண்ணு இல்ல. ஒரே பையன், மோகன்ராஜ், கட்டிங் மாஸ்டரா இருக்கறான். அதனால அவ எனக்குப் பொண்ணு மாதிரி.

இரு, தண்ணி குடிச்சுக்கறேன். தொண்டை. இது பஞ்சு இருமல். எங்காலத்துல நான் வேஸ்ட் பஞ்சு குடோன்ல ஏழு வருசம் வேலை பாத்தேன், அந்தத் தூசி நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. வருசக்கணக்கா இருக்குது, ஒண்ணும் பண்ணாது. என்ற வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. அவரு இருமி இருமித்தான் போனாரு. ஆனா அவருக்குக் குடி. குடிச்சுக் குடிச்சு நெஞ்சு வெந்துருச்சு.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா. போன வருசத்துக்கு முந்தின தீவாளிக்கு ஊருக்குப் போனவங்க திரும்பி வரல. தை மாசம் இவ மட்டும் தனியா வந்து நின்னா. கழுத்தெலும்பு தெரிய எளைச்சுப் போயிருந்தா. ‘புருசன் எங்கடி?’ன்னேன். ‘கேரளாவுக்குப் போயிருக்காரு யக்கா, பேக்கரி வேலைக்கு.’ ‘பாப்பா?’ ‘மாமியாகிட்ட இருக்கா.’ சரின்னு இதே வீட்டைத் தொறந்து விட்டேன்.

ஆனா பழைய காளீஸ்வரி இல்ல கண்ணு. வீட்டுக்குள்ள வர மாட்டா. வாசப்படியோட நின்னு பேசுவா. சாப்பிடக் கூப்பிட்டா ‘இப்பத்தான் தின்னேன் யக்கா’ம்பா. தண்ணி குடுத்தா அவ டம்ளரைக் கொண்டுவந்து ஊத்திக்குவா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. வளத்த புள்ளை நம்ம தட்டை வேண்டாங்குது. ஊருக்குப் போயிட்டு வந்ததும் நம்மளை எளக்காரமாப் பாக்கறான்னு நெனைச்சேன். நாலு நாள் பேசக்கூட இல்ல.

அப்புறம்தான் லாக்டவுன் வந்துச்சு.

உனக்குத் தெரியாததா? கம்பெனி மூடிட்டாங்க. தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தகரம் வெச்சு அடைச்சுட்டாங்க. எட்டு வீட்டுக்காரங்களும் எட்டு வீட்டுலயே. சின்னது பெருசு எல்லாம் சேத்து முப்பத்தி ரெண்டு உருப்படி, ரெண்டு கக்கூஸ். விடிஞ்சா வாளியோட வரிசை. யாரு எப்பப் போறாங்க, உள்ள எத்தனை நேரம் இருக்கறாங்கன்னு எல்லாத்துக்கும் எல்லாம் தெரியும். வேற வேலை என்ன இருந்துச்சு? அடுத்தவளைப் பாக்கறதுதான் வேலை.

காளீஸ்வரி மட்டும் எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாலயே போயிட்டு வந்துருவா. ரெண்டு வாளித் தண்ணி தூக்கிட்டுப் போவா. அப்புறம் வீட்டுக்குள்ள போயி போன் பண்ணுவா. தெனமும். நம்பரை அமுக்குவா, ஒரு மணி அடிக்கும், கட் ஆயிரும். அவ்வளவுதான். பேசறதே இல்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் சுகந்தி வீடு. அவ காதைச் செவுத்துலயே ஒட்ட வெச்சிருந்தா போல. ‘அக்கா, தெனமும் யாருக்கோ மிஸ்டு கால் குடுக்கறா. புருசனுக்குன்னா பேசமாட்டாளா?’ன்னு குழாயடியில கேட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

சித்திரை பொறந்து ஒரு வாரம் இருக்கும். தண்ணி வரல. தொட்டி காலி. அன்னைக்குக் காலையில காளீஸ்வரி கக்கூஸை விட்டு வெளிய வந்த கையோட சுகந்தி உள்ள போனா, போன வேகத்துல திரும்பி வந்தா. ‘அக்கா, இங்க வந்து பாருங்க’ன்னா. போயிப் பாத்தேன். குங்குமத்தைக் கரைச்சு ஊத்துன மாதிரி செவப்பாக் கெடந்துச்சு. ஊத்தித் தள்ளறதுக்குத் தண்ணி இல்ல பாரு.

சுகந்தி வாயிலதான் மொதல்ல வந்துச்சு. ‘கலைச்சிருக்கா அக்கா. புருசன் கேரளாவுல, இவ இங்க கலைச்சிருக்கா. தெனமும் போன் வேற.’

பொழுது ஏறறதுக்குள்ள காம்பவுண்டு பூராப் பேச்சு. நான்தானே பாத்துக்கறவ, நான்தானே கேக்கோணும். போனேன். வாசல்லயே நின்னு கேட்டேன். ‘ஏண்டி, நெசமா? வயித்துல இருந்ததைக் கலைச்சயா?’

அவ என்னையே பாத்தா. அந்தக் கண்ணுல என்னமோ கணக்கு ஓடுச்சு, இது நல்லதா அது நல்லதான்னு எடை போடற மாதிரி. அப்புறம் தலையை ஆட்டுனா. ‘ஆமா யக்கா.’

பாத்துக்க. தன் வாயால, ஆமான்னு. எந்தப் பொம்பளையாச்சும் செய்யாத தப்பைச் செஞ்சேன்னு சொல்லுவாளா? நான் நம்பிட்டேன். நம்பாம? அப்பவும் நான் அவளை வெளிய போன்னு சொல்லல, அதை நல்லாக் கேட்டுக்க. சுகந்தியைக் கூப்பிட்டு, ‘இது காம்பவுண்டைத் தாண்டக் கூடாது, பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறேன்’னேன். கருக்கலைஞ்ச ஒடம்பு, பச்சை ஒடம்புன்னு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொண்டுபோயிக் குடுத்தேன். அந்த நேரத்துல கருப்பட்டிக்கு எங்க போறது? வீட்டுல இருந்த கடைசி உண்டை. கையை நீட்டி வாங்கிட்டு அழுதா. குத்த உணர்ச்சியில அழுகறான்னு நெனைச்சேன்.

என்ன, கக்கூஸ் போகோணுமா? போயிட்டு வா. இந்தப் பக்கம் நேராப் போனா கடைசி. இடது பக்கம், மறந்துராத. நான் இங்கயே இருக்கறேன்.

*

வந்துட்டயா? இடது பக்கத்துல ஆள் இருந்துச்சா? சரி. என்ன ஒரு மாதிரி இருக்கற? வெயிலு. உக்காரு, இன்னும் முடியல.

பத்து நாள் போச்சு. ஒரு நாள் காலையில ஸ்கூட்டர்ல ஒரு அம்மா வந்து கேட்டுக்கு வெளிய நின்னுச்சு. மூஞ்சி பூரா மாஸ்க், கையில உறை. ஆஸ்பத்திரி அம்மா. அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்காரங்கன்னாலே கொரோனாதான். எட்டு வீட்டுக் கதவும் ஒரே நேரத்துல சாத்திக்கிச்சு. நான் போனேன். ‘காளீஸ்வரிங்கறவங்க இருக்காங்களா?’ அவ ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தா. ‘என்ன விசயமுங்க?’ன்னேன். ‘அவங்ககிட்டத்தான் பேசணும்.’ ‘இங்க எல்லாத்துக்கும் நான்தானுங்க. அவ என்ற பொண்ணு மாதிரி. என்கிட்டச் சொல்லலாம்’னேன்.

அந்த அம்மா யோசிச்சுச்சு. போலீஸ் பாஸ்ல வந்திருக்குது, இன்னும் பத்து இடம் போகோணும், திரும்பி வர முடியாது. கடைசியில ஒரு காக்கிக் கவரைக் குடுத்துச்சு. ‘ஒரு மாசத்துக்கானது. இதை அவங்க கையில மட்டும் குடுங்க. இன்னைக்கே குடுத்துருங்க, அவங்ககிட்ட ரெண்டு நாளைக்குத்தான் இருக்கும்’னுச்சு. நான் சரின்னேன்.

பிரிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. பிரிச்சேன். அட்டை அட்டையா மாத்திரை. கூட ஒரு சின்னப் புத்தகம், தமிழ்லயே போட்டிருந்துச்சு. காசநோய்.

டி.பி. என்ற காம்பவுண்டுல, என்ற செவுத்துக்கு ரெண்டு செவுரு தள்ளி டி.பி.

அவ அரிசிப் பையோட வந்தா. நான் அவ வீட்டு வாசல்ல நிக்கறேன், கையில கவரு. அதைப் பாத்ததும் அரிசிப் பை கீழ விழுந்துச்சு. உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்தி, கால்ல விழுந்துட்டா. இதோ, நீ கால் வெச்சிருக்கற இடத்துல.

அப்பத்தான் எல்லாம் சொன்னா. ஊருக்குப் போனப்ப இருமல், காய்ச்சல். ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் எடுத்து இதுதான்னுட்டாங்க. புருசன் கேரளாவுமில்ல கீரளாவுமில்ல, ஊருலயேதான் இருக்கறான். மாமியாக்காரி கொழந்தையப் புடுங்கி வெச்சுட்டு, ‘ஆறு மாசம் மருந்து முடிச்சு, கிளியர்னு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வா, அப்ப உம்புள்ளையத் தொடு’ன்னு தாட்டி விட்டுட்டாளாம். மிஸ்டு கால் எந்தக் கள்ளப் புருசனுக்கும் இல்ல. மாத்திரை அட்டையைப் பிச்சா உள்ள ஒரு நம்பர் இருக்கும். அதுக்கு அடிச்சாத்தான் இன்னைக்கு மாத்திரை போட்டாச்சுன்னு அவங்களுக்குக் கணக்கு. செவப்பா வர்றதும் அந்த மாத்திரைதான். அதைப் போட்டா ஒண்ணுக்கு அப்படித்தான் போகும்.

‘பின்ன எதுக்குடி கலைச்சேன்னு சொன்ன?’ன்னேன்.

‘கெட்டவன்னா ஏசுவீங்க யக்கா. டி.பி.ன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவீங்க. எங்கிட்டுப் போவேன், பஸ்ஸு இல்ல’ன்னா.

எனக்கு மனசு எளகத்தான் செஞ்சுது. ‘ரெண்டு மாசம் மாத்திரை முழுங்கிட்டாலே அடுத்தவங்களுக்கு ஒட்டாதாம் யக்கா, நான் நாலாவது மாசம் முழுங்குறேன். ஆனாலும் பயந்துக்கிட்டுத்தான் ஒங்க வீட்டுக்குள்ள வாரதில்ல, ஒங்க தட்டுல கை வைக்கிறதில்ல. எனக்கு இருமல் நின்னு போச்சு, பாருங்க’ன்னா. நெசந்தான், அவ இருமி நான் கேக்கல. ‘இன்னும் ரெண்டு மாசந்தான். ஜூன் கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க யக்கா. எம்புள்ளயத் தாரேன்னு சொல்லியிருக்காங்க’ன்னா.

சரின்னேன். அந்த மாரியாத்தா மேல சத்தியமா, சரின்னுதான் சொன்னேன்.

அதோட நிறுத்தியிருந்தா இன்னைக்கும் அவ இங்கதான் இருந்திருப்பா. நிறுத்தல. எந்திரிச்சுக் கண்ணைத் தொடைச்சுட்டு, என்னமோ எனக்கு நல்லது பண்ற மாதிரி என்ற கையைப் புடிச்சுட்டுச் சொன்னா. ‘யக்கா, கோவிச்சுக்கிராதீங்க. ஒங்களுக்கும் ரொம்ப நாளா இருமல் இருக்கு. ஒடம்பும் எளைச்சிட்டு வாரீங்க. நீங்களும் ஒருக்கா சளி குடுத்துப் பாத்துருங்க.’

நீயே சொல்லு. தப்பு அவ மேல. பொய் சொன்னது அவ. கால்ல விழுந்தது அவ. என்னையப் பாத்து, மகனுக்குப் பொண்ணு தேடிட்டு இருக்கறவளைப் பாத்து, டி.பி. இருக்குதான்னு பாருன்னா? பஞ்சு இருமல் எது, டி.பி. எதுன்னு எனக்குத் தெரியாதா? கையை உதறிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா, கவரு என்ற கையிலயே இருக்குது. வேணும்னு எடுத்துட்டு வரல. கோவத்துல கையோட வந்துருச்சு. மறுநாள் குடுத்துக்கலாம்னு சாமி படத்துக்குப் பொறவால வெச்சேன்.

சாயங்காலம் வந்து கதவைத் தட்டுனா. ‘யக்கா, அந்தக் கவரு.’ தொறக்கல. மறுநாள் காலையில தட்டுனா. ‘யக்கா, நாளையோட முடியுது. விட்டுவிட்டு முழுங்குனா மருந்து கேக்காமப் போயிரும், மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவாங்க யக்கா.’ மெதுவாத்தான் சொன்னா, அடுத்த வீட்டுக்குக் கேக்காத மாதிரி. நான் உள்ள உக்காந்திருந்தேன். என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு, கொஞ்சம் கெஞ்சட்டும்னு இருந்துச்சு. ஒரு நாள் கெஞ்சுனா என்ன ஆகப்போவுது?

மூணாம் நாளு கொரோனா வண்டி வந்துருச்சு.

யாரு போன் பண்ணுனாங்கன்னு கேக்கறயா? யாரோ பண்ணியிருப்பாங்க. அப்பல்லாம் ஆளாளுக்குப் பண்ணுனாங்க. சரி, ஏன் அப்படிப் பாக்கற? நான்தான் பண்ணுனேன். பொறுப்புல இருக்கறவ பண்ணித்தானே ஆகோணும். ஆனா ஒரு வார்த்தை பொய் சொல்லல. டி.பி.ன்னு சொல்லல, சரின்னு சொன்ன வாக்கு இருக்குதுல்ல. அவங்கதான் கேட்டாங்க, ‘காம்பவுண்டுல இருமல் சத்தம் கேக்குதா?’ன்னு. கேக்குதுன்னேன். ‘எத்தனை நாளா?’ன்னாங்க. நெம்ப நாளாக் கேக்குதுங்கன்னேன். ‘எந்த வீடு?’ன்னாங்க. நாலாம் நம்பர்னேன்.

வெள்ளை டிரெஸ் போட்டுட்டு மூணு பேரு வந்தாங்க. மருந்தடிச்சாங்க. கதவுல ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, தனிமைப்படுத்தப்பட்ட வீடுன்னு. எல்லாரும் ஜன்னல் இடுக்குல பாத்துட்டு இருக்கறோம். அவளை ஒரு துணிப்பையோட கூட்டிட்டு வந்தாங்க. வண்டிப் படியில காலை வெச்சவ நின்னு என்ற ஜன்னலையே பாத்தா. எனக்கு அந்த நேரம் பாத்து நெஞ்சுக்குள்ள இருந்து ஏறுது. முந்தானையைச் சுருட்டி வாயில திணிச்சுட்டு நிக்கறேன். மூச்சு முட்டுது, கண்ணுல தண்ணி ஊத்துது. வெளிய ஒரு சத்தம் வந்தாப் போதும், அடுத்த ஸ்டிக்கர் என்ற கதவுல. அவளுக்குத் தெரியும். ஒரு விரலை நீட்டி, இருமறது அங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது கதை.

சொல்லல. ‘யக்கா, அந்தக் கவரைக் குடுத்துருங்க’ன்னு மட்டும் சொன்னா. வண்டிக்காரன் ‘ஏறும்மா, நேரமாச்சு’ன்னான். ஏறிட்டா.

கொரோனா இல்லன்னு வந்துருச்சாம். ஆனா திரும்பி இங்க வரல. வெளியூர்க்காரங்களை மொத்தமா பஸ் ஏத்தி விட்டாங்களே, அதுல ஊருக்குப் போயிட்டாளாம். நாலஞ்சு நாள் கழிச்சு அந்த ஸ்கூட்டர் அம்மா போன் பண்ணுச்சு. கேட்டுல வந்தன்னைக்கே நம்பர் வாங்கி வெச்சிருந்துச்சு. ‘காளீஸ்வரி மாத்திரை போட்ட கணக்கே வரலைங்க, போன் எடுக்க மாட்டேங்கறாங்க. கவரைக் குடுத்தீங்கல்ல?’ன்னுச்சு. குடுத்துட்டேன்னு சொன்னேன். என்ன பண்றது? அவளுக்கு அங்க வேற குடுத்திருப்பாங்க. கவர்மெண்டுல இல்லாத மருந்தா?

அவ்வளவுதான் கண்ணு. அதுதான் இந்த வீட்டுக் கதை. ஏமாத்துனது யாருன்னு இப்பச் சொல்லு.

என்ன, எந்திரிச்சுட்ட? வீடு புடிக்கலையா?

வலது பக்கத்துக் கக்கூஸா? வலது பக்கம் பூட்டியிருக்குமே. பூட்டல? காலையில தண்ணி இல்ல, ஊத்தித் தள்ளாம அவசரத்துல வந்துட்டேன். பூட்டாமயே வந்துட்டேனா?

பாத்துட்டயா.

அப்பயே பாத்துட்டயா? பாத்துட்டுத்தானா இத்தனை நேரம் வாயத் தொறக்காமக் கேட்டுட்டு இருந்த?

கதவைச் சாத்து. சாத்துன்னு சொல்றேன், சுகந்தி குழாயடிக்கு வர்ற நேரம். உக்காரு. பயப்படாத, ரெண்டு மாசம் தாண்டிட்டா ஒட்டாது. எனக்கு இது நாலாவது மாசம்.

பொரட்டாசியில இருமுனா ரத்தமா வந்துச்சு. பஞ்சுல ரத்தம் வராதுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. மகன்கிட்டக்கூடச் சொல்லாம, கோயிலுக்குன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க மாத்திரை குடுக்கற எடத்துல யாரு உக்காந்திருக்கறா? அதே ஸ்கூட்டர் அம்மா. என்னைப் பாத்துச்சு, என்ற சீட்டைப் பாத்துச்சு, ஒண்ணும் கேக்கல. அதுதான் இப்பவும் எனக்கு மாத்திரை கொண்டு வருது. காம்பவுண்டுக்கு வந்துராதீங்கன்னு சொல்லியிருக்கறேன். பஸ் ஸ்டாப்புக்குப் போயி வாங்கிக்கறேன். விடிகாலையில போன் அடிச்சுக் கட் பண்றேன். ரெண்டு வாளித் தண்ணி தூக்கறேன். போன மாசம் அந்த அம்மா அதுவாச் சொல்லுச்சு, ‘காளீஸ்வரியை அவங்க ஊர்ல தேடச் சொன்னோங்க, அந்த அட்ரஸ்ல இல்லையாம், மாமியார் வீட்டுல சேத்துக்கலையாம்’னு. எதுக்கு என்கிட்டச் சொல்லுச்சுன்னு தெரியல.

அவகிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு. வேற எப்படி வரும்? டாக்டரு எக்ஸ்ரேவைத் தூக்கிப் பாத்துட்டு, ‘எத்தனை நாளாம்மா இருமல்?’ன்னாரு. ஒரு மாசம்னேன். ‘ஒரு மாசமில்லம்மா, இது பழசு, மூணு நாலு வருசமாவது இருக்கும். வீட்டுல கூட இருந்தவங்க, கூடச் சாப்பிட்டவங்க, சின்னக் கொழந்தைங்க யாராச்சும் இருக்காங்களா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க’ன்னாரு. யாரும் இல்லைங்கன்னுட்டேன். டாக்டருக்கு என்ன தெரியும்? படத்தைப் பாத்து வருசம் சொல்ல முடியுமா? அவ வந்ததே மூணு வருசத்துக்கு முன்னாலதான். பாப்பா அப்ப கைக்கொழந்தை. என்ற மடியிலதான் கெடக்கும்னு சொன்னனே.

நான் அந்தக் கணக்கைப் போடறதில்ல. போட உக்காந்தாத் தூக்கம் வராது.

பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லி அந்த அம்மா ரெண்டு தரம் சொல்லிருச்சு. கூட்டிட்டுப் போறேன். தை முடியட்டும். பல்லடத்துல ஒரு எடம் கூடி வந்திருக்குது, வர்ற வெள்ளிக்கெழமை பாக்க வர்றாங்க. அம்மாக்காரிக்கு இப்படின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? இன்னைக்குக் காலையில அவனும் ரெண்டு தரம் இருமுனான். பஞ்சுதான். கட்டிங்ல தூசி இருக்கும்ல.

அந்தக் கவரு இருக்குது. சாமி படத்துக்குப் பொறவாலயே இருக்குது. ஒரு மாசத்து மாத்திரை, ஒண்ணுகூடக் கொறையல. வந்து கேட்டா இந்த நிமிசமே குடுத்துருவேன்.

நீ இந்த வீட்டுக்கு வர்றயோ வரலையோ, அது உன் இஷ்டம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கண்ணு. கையைக் குடு. புடிச்சா ஒண்ணும் ஆகாது, குடு. மாத்திரை முடியற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராத. கேட்டுக்கிட்ட சுகந்தி நிப்பா, என்ன இத்தனை நேரம்னு கேப்பா. ஒண்ணும் சொல்லாத. ரெண்டே மாசந்தான் பாக்கி. சொல்ல மாட்டயே?

சரியா?

சரிங்கற. நீயும் சரிங்கற.

நானும் அன்னைக்குச் சரின்னுதான் சொன்னேன்.